சாமி போட்ட அளவு: துப்பாக்கி கேள்வி–பதில்

போன மாதம், துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சில் காதுக்கும் கண்ணுக்கும் என்ன மாட்டிக்கொள்ள வேண்டும் என்று நாலு பக்கம் எழுதினேன். அதற்கு வந்த கடிதம் ரெண்டே ரெண்டு. அந்தக் கட்டுரையில் போகிற போக்கில் ‘பிளஸ் பி’ தோட்டா பற்றி ஒரு வரி விட்டிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேஜை நிறையக் கிடக்கின்றன. ஆகவே இந்த மாதம் முழுக்க அதுதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹூஸ்டனில் எண்ணெய்க் குழாய்களுக்கு வால்வு செய்யும் தொழிலில் 30 வருஷம் இருந்து ஓய்வு பெற்ற மெக்கானிக்கல் இன்ஜினியர் நான். சனி, ஞாயிறுகளில் ஒரு ரேஞ்சில் பாதுகாப்பு அதிகாரியாக நிற்கிறேன். சொந்த ஊர் சிவகாசி. எங்கள் ஊரில் ‘மருந்து’ என்றால் யாருக்கும் ஆஸ்பத்திரி ஞாபகம் வராது. இந்தப் பக்கத்திலும் மருந்து என்றால் வெடிமருந்துதான். குண்டு என்றால் பறந்து போகிற ஈயம். குண்டு, அதைப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு, மருந்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் எல்லாம் சேர்ந்த முழு உருப்படிக்குப் பெயர் தோட்டா. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி (டாலஸிலிருந்து ஒரு வாசகர்): அண்ணா, வீட்டுப் பாதுகாப்புக்காக க்ளாக் 19 பிஸ்டல் வாங்கியிருக்கிறேன். கடையில் இருந்தவர், ‘சாதாரணத் தோட்டாவைவிட பிளஸ் பி-தான் பவர்’ என்று ஒரு டப்பாவைக் கையில் திணித்துவிட்டார். போட்டால் துப்பாக்கி வெடித்துவிடுமா?

பதில்: வெடிக்காது தம்பி. துப்பாக்கி புதிது, தோட்டா பேர் தெரிந்த கம்பெனி செய்தது, டப்பாவில் உள்ள காலிபர், அதாவது தோட்டாவின் அளவுதான், குண்டு போகும் குழலான பேரலிலும் பொறித்திருக்கிறது என்றால் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் எல்லாரும் ‘வெடிக்குமா’ என்று கேட்டுவிட்டு அதோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கு அடுத்த கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் அந்த ‘பி’ என்ன என்று பார்த்துவிடுவோம். பி என்றால் பிரஷர், அழுத்தம். பவர் என்று கடைக்காரர் சொன்னது அவர் வியாபாரம். அமெரிக்காவில் எந்தத் தோட்டாவுக்குள் எவ்வளவு அழுத்தம் வரலாம் என்று வரம்பு கட்டுவது, துப்பாக்கியும் தோட்டாவும் செய்யும் கம்பெனிகள் சேர்ந்து 1926-இல் ஆரம்பித்த ஒரு சங்கம். அதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைக் கோத்துப் படித்தால் நம் வாயில் ‘சாமி’ என்றுதான் வருகிறது. நான் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். 9 மி.மீ. தோட்டாவுக்குச் சாமி போட்ட அளவு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. பிளஸ் பி-க்கு 38,500. சரியாக 10 சதவீதம் கூட. உங்கள் கார் டயரில் 35 பவுண்டு அடிப்பீர்கள் இல்லையா, அதைப்போல ஆயிரம் மடங்கு, கட்டைவிரல் நகத்தைவிடச் சின்ன குழிக்குள், ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் வந்து போகிறது. அதற்குச் செலவாகும் மருந்து அரை கிராம்கூட இல்லை.

அந்தக் கூடுதல் 10 சதவீதத்தைத் தாங்க, தோட்டா உட்காரும் குழியான சேம்பருக்குத் தெம்பு உண்டு. க்ளாக் பிறந்த ஆஸ்திரியா மாதிரியான ஐரோப்பிய நாடுகளில், வரம்பைவிட 30 சதவீதம் அழுத்தம் கூடிய சோதனைத் தோட்டாவைச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்திய பிறகுதான் துப்பாக்கியை விற்கவே முடியும். அதனால்தான் வெடிக்காது என்று தைரியமாகச் சொன்னேன். ஆனால் சோதனைத் தோட்டா சுடுவது ஏதோ ஒன்றிரண்டு தடவை. நாங்கள் வால்வு செய்யும்போதும் வேலை அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றிக் காட்டுவோம். அந்த அழுத்தத்திலேயே வருஷம் முழுக்க ஓட்டுங்கள் என்று எந்த வாடிக்கையாளருக்கும் சொன்னதில்லை.

இப்போது அந்த அடுத்த கேள்வி: வெடிக்காது சரி, சிக்காமல் ஓடுமா? ரிவால்வரில் அடுத்த தோட்டாவைக் கொண்டுவந்து நிறுத்துவது உங்கள் விரல். உங்கள் க்ளாக் மாதிரி செமி ஆட்டோமேடிக்கில் அந்த வேலையைச் செய்வது, இப்போது சுட்ட தோட்டாவின் உதைப்பு. சுட்டதும் பேரலும், அதை மூடி முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடும் பூட்டிக்கொண்ட நிலையிலேயே ஒரு மூன்று மி.மீ. பின்னால் வருகின்றன. அதற்குள் குண்டு வெளியே போய், அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேரலின் பின்பக்கம் கீழே சாயும், பூட்டு விடும், ஸ்லைடு மட்டும் பின்னால் ஓடும். போகிற வழியில் காலிக் கூட்டை இழுத்து வெளியே தட்டிவிட்டு, முட்டி, ஸ்பிரிங் தள்ள முன்னால் திரும்பும். அது திரும்பி வருவதற்குள் தோட்டாக்களை அடுக்கி வைத்திருக்கும் மேகஸினின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும். துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் நூறு வருஷத்துக்கு முன்னால் போட்ட தாளம் இது. இன்றைக்கும் பெரும்பாலான 9 மி.மீ. பிஸ்டல்கள் அதில்தான் ஓடுகின்றன.

பிளஸ் பி போட்டால் இந்தத் தாளம் வேகமெடுக்கிறது. ஒரு கணக்கு சொல்கிறேன். ஸ்பீர் கம்பெனியின் கோல்டு டாட், 124 கிரெய்ன் எடையுள்ள குண்டு. சாதாரண டப்பாவில் வேகம் வினாடிக்கு 1,150 அடி. பிளஸ் பி டப்பாவில் 1,220. கூடியது 6 சதவீதம். குண்டு முன்னால் எவ்வளவு உந்துதலோடு போகிறதோ, ஸ்லைடும் அவ்வளவு உந்துதலோடு பின்னால் வந்தாக வேண்டும், நியூட்டன் விடமாட்டார். ஸ்லைடு 6 சதவீதம் வேகமாக வந்தால், அது துப்பாக்கியின் உடலான ஃபிரேமில் முட்டும் ஆற்றல் 12 சதவீதம் கூடுகிறது. ஸ்பிரிங் புதிதென்றால் அதை வாங்கிக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் சுட்டுத் தளர்ந்த ஸ்பிரிங் வாங்காது, ஸ்லைடு ஃபிரேமில் போய் ஓங்கி இடிக்கும். மேகஸின் ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் இன்னொரு கூத்து. தோட்டா மேலே வந்து சேருவதற்குள் ஸ்லைடு அதைத் தாண்டி முன்னால் போய் வெறும் சேம்பரை மூடிக்கொள்ளும். நீங்கள் டிரிக்கரை இழுத்தால் ‘டிக்’. வீட்டுப் பாதுகாப்புக்கு என்று வாங்கியது ராத்திரி ரெண்டு மணிக்கு ‘டிக்’ என்றால் என்ன பிரயோஜனம்?

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். கையேட்டைத் திறந்து பிளஸ் பி பற்றி உங்கள் மாடலுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். என் பேச்சைவிட, கடைக்காரர் பேச்சைவிட அது பெரிது. தோட்டாவின் அடித்தட்டைத் திருப்பிப் பாருங்கள். பிரைமரைச் சுற்றி 9 மி.மீ. லூகர் (உங்கள் 9 மி.மீ. தோட்டாவின் முழுப் பெயர்) என்றும் அதோடு பிளஸ் பி என்றும் அச்சிட்டிருக்கும். டப்பா மாறும், அடித்தட்டு மாறாது. ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் எத்தனை ரவுண்டு பார்த்திருக்கிறது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள், ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடும் காசுகூட ஆகாது. பழக்கத்துக்குச் சாதாரணத் தோட்டாவே போதும். ஆனால் வீட்டில் வைக்கப் போகும் அதே பிளஸ் பி-யில் குறைந்தது நூறு தோட்டா, உங்களிடம் இருக்கிற ஒவ்வொரு மேகஸினிலும் போட்டுச் சுட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றுகூடச் சிக்கக் கூடாது. சிக்கினால் அந்தத் தோட்டா உங்கள் துப்பாக்கிக்கு வேண்டாம், அவ்வளவுதான், அதில் கௌரவப் பிரச்சினை ஏதுமில்லை.

சுடும்போது காலிக் கூடு எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். வழக்கமாக வலது பக்கம் ஐந்தாறு அடியில் விழுந்தது, இப்போது பக்கத்து லேன்காரர் தொப்பிக்குள் போய் விழுகிறது என்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. கூட்டைப் பொறுக்கி வெளிச்சத்தில் பாருங்கள். பிரைமரின் ஓரம் வட்டமாக உருண்டிருக்க வேண்டும். தோசைக்கல்லில் கரண்டியால் அழுத்தியது போலத் தட்டையாகி ஓரம்வரை பரவியிருந்தாலோ, கூட்டின் அடிப்பக்கம் கர்ப்பமாக உப்பியிருந்தாலோ, அன்றைக்கு அந்த டப்பாவை மூடிவிடுங்கள்.

நான் என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். சாதாரண 124 கிரெய்ன்தான். நியூயார்க் போலீஸ் பல வருஷம் க்ளாக் 19-இல் பிளஸ் பி-தான் வைத்திருந்தது, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர்களுக்குத் துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்து ஸ்பிரிங் மாற்ற ஆள் இருக்கிறது. 1986 ஏப்ரல் 11-ஆம் தேதி மயாமியில் எஃப்.பி.ஐ. ஆட்கள் ரெண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தச் சண்டையில் அவர்களுடைய 9 மி.மீ. குண்டு ஒன்று எதிரியின் இதயத்துக்கு முன்னாலேயே நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் குண்டு, உடல் சதைக்கு ஈடாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் 12 அங்குலத்துக்குக் குறையாமல், 18 அங்குலத்தைத் தாண்டாமல் போக வேண்டும் என்று பரீட்சை வைத்தார்கள். கம்பெனிகள் முப்பது வருஷமாக அந்தப் பரீட்சைக்குப் படித்துப் படித்து, இன்றைக்கு நல்ல 9 மி.மீ. ஹாலோ பாயிண்ட் (மூக்கில் குழி உள்ள குண்டு) சாதாரண அழுத்தத்திலேயே தேறிவிடுகிறது. பெரிய காலிபர்களுக்குப் போயிருந்த எஃப்.பி.ஐ.யே மறுபடி 9 மி.மீ.க்குத் திரும்பிவிட்டது. மூடிய படுக்கையறையில் கூடுதல் சத்தமும் கூடுதல் தீப்பிழம்பும் எனக்கு எதற்கு? எனக்கு வயது 64. ஏற்கெனவே இடது காது பாதி போய்விட்டது.

கேள்வி (ஃபீனிக்ஸ்): ஐயா, துப்பாக்கிச் சந்தையில் ‘பிளஸ் பி பிளஸ்’ என்று போட்ட டப்பா சல்லிசாகக் கிடைத்தது. பிளஸ் பி-யைவிட எத்தனை சதவீதம் கூட?

பதில்: அதற்குச் சாமி அளவே போடவில்லை. ‘பிளஸ் பி-யைத் தாண்டியது’ என்பதுதான் அதன் ஒரே அர்த்தம். எவ்வளவு தாண்டியது என்பது செய்தவருக்குத்தான் வெளிச்சம். ஃபெடரல் கம்பெனி இல்லினாய் மாநிலப் போலீசுக்கு 115 கிரெய்ன் குண்டில் ஒன்று செய்து கொடுத்தது. வினாடிக்கு 1,300 அடி. அவர்களுக்கு எந்தத் துப்பாக்கி, எத்தனை ரவுண்டு என்று கணக்கு இருந்தது. சந்தையில் வாங்கிய உங்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது. விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள். வாங்க மாட்டேன் என்றால் போகட்டும், சல்லிசுதானே.

கேள்வி (ஆஸ்டின்): நானும் மெக்கானிக்கல் இன்ஜினியர்தான். ஸ்லைடு வேகம்தான் பிரச்சினை என்றால், கனமான ரீகாயில் ஸ்பிரிங் போட்டால் முடிந்தது இல்லையா?

பதில்: பாதி முடிந்தது. பின்னால் வருகிற வேகத்தைக் கனமான ஸ்பிரிங் குறைக்கும், உண்மை. ஆனால் சுருங்கிய ஸ்பிரிங் அந்தச் சக்தியை வட்டியோடு திருப்பிக் கொடுக்குமே. ஸ்லைடு முன்னால் வரும்போது இன்னும் வேகமாக வரும். அப்போது மறுபடியும் மேகஸின் பாடுதான் திண்டாட்டம். தோட்டா மூக்கு குப்புறக் குத்தும், முன்னால் பேரலில் அடி விழும். இன்னொன்று, அந்த ஸ்பிரிங்கோடு ரேஞ்சுக்குப் போய் மலிவான பழக்கத் தோட்டாவைப் போட்டால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் வராது. காலிக் கூடு பாதி வழியில் மாட்டிக்கொண்டு புகைக்குழாய் மாதிரி நிமிர்ந்து நிற்கும்.

‘1911’ என்ற .45 மாடல் பிஸ்டல் வைத்திருப்பவர்களிடம் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. .45 சாதாரணத் தோட்டாவுக்கு 16 பவுண்டு ஸ்பிரிங், காட்டமானதற்கு 18.5 பவுண்டு. அது சரிதான். ஆனால் அதற்குமேல் 22, 24 என்று ஏற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஸ்லைடை இழுக்க முடியாமல் ரேஞ்சில் என்னைக் கூப்பிடுவார்கள். கம்பெனி போட்ட எடையிலேயே புது ஸ்பிரிங். என் சிபாரிசு அதுதான்.

கேள்வி (சிகாகோ): தோட்டா அடியில் ஒரு வட்டத்துக்குள் சிலுவை போட்டிருக்கிறது. மதச் சின்னமா?

பதில்: இல்லை அம்மா, அது நேட்டோ முத்திரை. ராணுவங்களுக்கென்று வகுத்த 9 மி.மீ. தோட்டா. சாதாரணத்துக்கும் பிளஸ் பி-க்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம். அழுத்தத்தை அளக்கும் முறை வேறு என்பதால் எண்ணுக்கு எண் ஒப்பிடாதீர்கள். நல்ல நிலையில் இருக்கும் இக்கால பிஸ்டலுக்குக் கெடுதல் இல்லை.

கேள்வி (அட்லாண்டாவிலிருந்து ஒரு வாசகி): அங்கிள், கைப்பையில் வைக்கச் சின்னதாக .380 பிஸ்டல் ஒன்று வாங்கினேன். அண்ணன், ‘இது எறும்புக் கடி. பிளஸ் பி போடு’ என்கிறார். .380 பிளஸ் பி என்று போட்ட டப்பா விற்கவும் செய்கிறார்கள்.

பதில்: விற்கிறார்கள் அம்மா, ஆனால் சாமி வரம் கொடுக்கவில்லை. .380-க்கு ஒரே அளவுதான், 21,500 பவுண்டு. பிளஸ் பி என்று ஒரு பிரிவே அதில் இல்லை. டப்பாவில் போட்டிருப்பது செய்தவருடைய சொந்த விளம்பரம். அதைவிட முக்கியமானது ஒன்று. வால்தர் பி.பி.கே. மாதிரி பல .380 பிஸ்டல்களில் பேரலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்வதே கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டும்தான் கூட்டைப் பிடித்து நிறுத்துகின்றன. மேலே சொன்ன அந்த மூன்று மி.மீ. அவகாசம் அங்கே இல்லை. அழுத்தம் கூடினால், குண்டு வெளியே போகும் முன்பே கூடு பின்னால் வரப் பார்க்கும். பித்தளைக் கூட்டின் ஓரம் தாங்காமல் கிழிந்தால் சூடான வாயு மேகஸின் வழியாக உங்கள் கைக்குத்தான் வரும். உங்கள் அண்ணனை ஒரு நாள் ரேஞ்சுக்கு அழைத்துக்கொண்டு போங்கள். அவர் 9 மி.மீ.யில் ஐந்து குண்டை எங்கே போடுகிறார், நீங்கள் .380-இல் எங்கே போடுகிறீர்கள் என்று காகிதத்தில் பார்த்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா காலமானார். அவர் மகன், அப்பா போரிலிருந்து கொண்டுவந்தது என்று ஒரு பழைய ஜெர்மன் 9 மி.மீ. பிஸ்டலை எனக்கு விற்கிறேன் என்கிறார். இக்காலத் தோட்டா போடலாமா?

பதில்: இதே மாதிரி ஒன்று போன குளிர்காலத்தில் எங்கள் ரேஞ்சுக்கே வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தோல் உறையிலிருந்து ஒரு வால்தர் பி-38-ஐ எடுத்தார். அப்பாவுடையதாம். மேஜையில் இன்னொரு பக்கம் பளபளவென்று புது டப்பா, பிளஸ் பி. நான் ‘ஒரு நிமிஷம்’ என்று கையைக் காட்டி நிறுத்தினேன். மேகஸினைக் கழற்றி, சேம்பர் காலி என்று ரெண்டு பேரும் பார்த்துவிட்டு, ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். என் ரெண்டு விரலுக்கே வந்தது. எண்பது வருஷத்து ஸ்பிரிங். போர் முடிகிற காலத்தில் அவசர அவசரமாகச் செய்தவை அவற்றில் நிறைய உண்டு. பிளஸ் பி என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. அந்தத் துப்பாக்கியை வரைந்தவருக்கு அப்படி ஒரு தோட்டா வரும் என்று கனவிலும் தெரியாது. ஆனால் அளவு ஒன்றே என்பதால் தோட்டா உள்ளே அழகாகப் போய் உட்காரும். அதுதான் ஆபத்து. பொருந்தாததை யாரும் போட மாட்டார்கள்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்பா நினைவாக ஒரே ஒரு குண்டாவது சுட வேண்டும் என்று 200 மைல் ஓட்டி வந்திருக்கிறார். நல்ல துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் அனுப்பினேன். ஸ்பிரிங் எல்லாம் மாற்றி, விரிசல் பார்த்துக்கொண்டு, ரெண்டு மாதம் கழித்து வந்து சாதாரண 115 கிரெய்ன் தோட்டாவில் எட்டு குண்டு சுட்டார். துடைத்து உறையில் போட்டார். இனிமேல் கண்ணாடிப் பெட்டிதான் என்றார். நீங்களும் வாங்குவதானால் அந்த வழியில் வாங்குங்கள். பிளஸ் பி-யும் நேட்டோவும் அந்த வீட்டுப் பக்கமே வேண்டாம்.

கேள்வி (சான் டியேகோ): ஸ்லைடு உடைந்து சுட்டவர் முகத்திலேயே வந்து அடிக்கும் என்கிறார்களே, கட்டுக்கதையா?

பதில்: கட்டுக்கதை இல்லை, ஆனால் பழைய கதை. அமெரிக்க ராணுவம் 1985-இல் பழைய .45-ஐ விட்டுவிட்டு இத்தாலியக் கம்பெனியின் பெரெட்டா 92-ஐ எம்-9 என்று எடுத்துக்கொண்டது. 1987-88-இல் கடற்படையின் சீல் வீரர்கள் சுடும்போது சில ஸ்லைடுகள் நடுவில் உடைந்து, பின்பாதி பறந்து வந்து முகத்தில் அடித்தது. தையல் போட்டார்கள், ஒருவருக்குப் பல் உடைந்தது. ‘இத்தாலிய இரும்பைத் தின்றால்தான் நீ சீல்’ என்று அவர்களுக்குள் ஒரு கேலிப் பேச்சே உண்டு. அளவுக்கு மீறிய அழுத்தமுள்ள தோட்டா போட்டீர்கள் என்றது கம்பெனி. உங்கள் இரும்பில் உறுதி போதாது என்றது ராணுவம். அந்தச் சண்டையில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. செய்த வேலைதான் எனக்குப் பிடித்தது. ஹேமர் என்னும் சுத்தியலைத் தாங்கும் பின்னின் தலையைப் பெரிதாக்கி, ஸ்லைடில் அதற்கு ஒரு காடி வெட்டினார்கள். இனிமேல் ஸ்லைடு உடைந்தாலும் அந்தத் தலையில் மாட்டி நின்றுவிடும், முகத்துக்கு வராது. உடையாதபடி செய்வதோடு விடாமல், உடைந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்த வேலை. இன்றைக்கு விற்கிற 92 எஃப்.எஸ். எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஸ்லைடு அப்படி உடைவது தேய்மானம் சேர்ந்து சேர்ந்துதான். கழற்றித் துடைக்கும்போது ஸ்லைடின் மூலைகளிலும் பேரல் பூட்டும் இடத்திலும் தலைமுடி மாதிரிக் கோடு ஏதாவது தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி (ஷுகர் லேண்ட்): வீட்டில் சின்னக் குழந்தைகள் இருப்பதால், ராத்திரி மட்டும் தோட்டாவை சேம்பரில் ஏற்றிவைத்து, காலையில் எடுத்து மேகஸினில் திரும்பப் போட்டுவிடுவேன். பிளஸ் பி-யில் இப்படிச் செய்தால் பரவாயில்லையா?

பதில்: இந்த மாதக் கடிதங்களில் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது இதுதான். நானும் ஒரு காலத்தில் இதைத்தான் செய்தேன். பையன் ஐந்து வயதாக இருந்தபோது, ராத்திரி ஏற்றுவது, காலையில் இறக்குவது. இறக்கிய தோட்டாவை மேகஸினின் தலையிலேயே திரும்ப வைப்பேன். ஆகவே தினமும் ஏறி இறங்கியது அதே ஒரு தோட்டா. எட்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை துடைக்க உட்கார்ந்தபோது, அது மட்டும் பக்கத்துத் தோட்டாவைவிடக் குள்ளமாகத் தெரிந்தது. வேலைக்குக் கொண்டுபோகிற வெர்னியரை எடுத்து அளந்தேன். மற்றவை 28.5 மி.மீ. அது 27.4.

ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் குண்டின் மூக்கு, சேம்பருக்குப் போகிற சாய்தளத்தில் இடிக்கிறது. இடிக்க இடிக்க, கூட்டின் வாய் பிடி தளர்ந்து, குண்டு உள்ளே இறங்குகிறது. மருந்து அதே மருந்து, இடம் குறைந்துவிட்டது. 9 மி.மீ. கூட்டில் இருப்பதே கொஞ்சம் இடம். ஒரு மில்லிமீட்டர் என்பது அங்கே பெரிய சொத்து. அழுத்தம் 10 சதவீதம், 20 சதவீதம் என்று ஏறாது, கண்டபடி ஏறும். சாதாரணத் தோட்டாவே அப்படி என்றால், உச்சியில் நிற்கிற பிளஸ் பி-யை யோசித்துப் பாருங்கள். இதுவரை பத்து சதவீதத்துக்கு மல்லுக்கட்டினோமே, அதையெல்லாம் இந்த ஒரு மில்லிமீட்டர் தூக்கிச் சாப்பிட்டுவிடும். துப்பாக்கி வெடித்தது என்று கேள்விப்படுகிற கதைகளில் இதுவும், வீட்டில் மருந்தைத் தப்பாக அடைத்த தோட்டாவும், முந்தைய குண்டு பேரலிலேயே நின்றது தெரியாமல் அடுத்ததைச் சுட்டதும்தான் அதிகம் அடிபடும்.

தினமும் ஏற்றி இறக்குவதை நிறுத்துங்கள். எண் அழுத்தித் திறக்கும் சின்ன இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி, படுக்கைக்குப் பக்கத்தில் சுவரோடு போல்ட் போட்டுவிடுங்கள். துப்பாக்கி எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே அதற்குள் இருக்கட்டும். குழந்தைகளுக்கும் அதுதான் நல்லது. ஒருமுறை சேம்பருக்குப் போய் வந்த தோட்டாவில் ஒரு மார்க்கர் புள்ளி வையுங்கள். ரெண்டாவது புள்ளி விழுந்தால் அதை அடுத்த முறை ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். சுடும் முன் புதுத் தோட்டா ஒன்றோடு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், குள்ளமாக இருந்தால் சுடவும் வேண்டாம். பெரும்பாலான ரேஞ்சுகளில் பழுதுத் தோட்டா போட ஒரு வாளி இருக்கும். என் 27.4-ஐ அதில்தான் போட்டேன். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்.

கேள்வி (சியாட்டில்): எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பனோடு ரேஞ்சுக்குப் போய் பிளஸ் பி-யைச் சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: பிளஸ் பி இருக்கட்டும், முதலில் துப்பாக்கியைத் தொடலாமா என்று கேளுங்கள். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மாநில வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் அந்தக் கணக்கில் வரலாம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பன் சொன்னான் என்று போகாமல் ஒரு வக்கீலுக்கு நூறு டாலர் கொடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி (டாலஸ், மறுபடியும் அதே வாசகர்): அண்ணா, டிசம்பரில் சென்னை போகிறேன். துப்பாக்கியை இங்கேயே பூட்டிவிட்டுத்தான் போகிறேன். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பை எது? அந்தப் பையை ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள். பை ஓரத் தையலுக்குள் ஒரே ஒரு தோட்டா ஒளிந்திருந்தாலும், மீனம்பாக்கம் எக்ஸ்ரேயில் அது நிலா மாதிரி பளிச்சென்று தெரியும். இந்தியாவில் 9 மி.மீ. சாதாரணக் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்ட காலிபர். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் வழக்குப் போடுவார்கள். தெரிந்தே வைத்திருந்தாரா, மறந்து போனதா என்று பார்த்து நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட பல வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன. ஆனால் அதுவரை உங்கள் விடுமுறை போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட் வாசலிலும் கழியும். திரும்பும் டிக்கெட்டும் போகும்.

என் மனைவி ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் என் பைகளைக் குளியலறைத் தரையில் தலைகீழாகக் கவிழ்த்து உதறுவாள். டைல்ஸில் விழுந்தால் சத்தத்தில் தெரிந்துவிடுமாம். போன தடவை ஒரு பேனா மூடி, ரெண்டு இருமல் மாத்திரை, அப்புறம் ‘டிணிங்’ என்று ஒரு காலிக் கூடு.